யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயம்

இலங்கைச் சமையலில் வெங்காயம் இருவகைப்படும். ஒன்று பம்பாய் வெங்காயம். கடல் கடந்து வந்தமையை அதன் பெயரே உணர்த்தும். மற்றையது யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலே செழித்து விளையும் செந்நிறச் சின்ன வெங்காயம்.

உருவிற் சிறியதாயினும் காரத்திலும் மணத்திலும் சின்ன வெங்காயமே மிக்கது. தேங்காய்ச் சம்பலில் இடிபடுவதும், நல்லெண்ணெயிற் பொன்னிறமாகத் தாளிபட்டுக் குழம்புக்கு மணமூட்டுவதும் அதுவே. அதன் பூந்தண்டும் வீணாவதில்லை, அரிந்து வறையாக்குவர்.

பெரிய வெங்காயம் விதையினால் உண்டாவது. சின்ன வெங்காயமோ பெரும்பாலும் குமிழினாற் பெருகுவது. ஒரு குமிழை நட்டால் பல குமிழ்கள் கொத்தாகக் கிளைக்கும். ஆதலின், விளைவில் ஒரு பகுதியைப் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்டு, அடுத்த போகத்துக்குக் கமக்காரர் பேணுவர். உண்ணும் பொருளே விதையும் ஆதலால், நடுகைச் செலவிற் பெரும்பங்கு விதை வெங்காயத்துக்கே செல்லும்.

கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய் முதலிய ஊர்களில் முன்னாளில் துலாவினாலும், பின்னாளில் இயந்திரத்தினாலும் இறைத்த கிணற்றுநீரே இப்பயிரை வளர்த்தது. 1970ஆம் ஆண்டின் பின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை பெற்றன. படித்த இளைஞரும் தோட்டத்தில் இறங்கினர். 1977ஆம் ஆண்டின் இறுதியில் இறக்குமதி தளர்த்தப்பட்டது, விலை சரிந்தது. உயர்ந்த விலைக்கு விதை வாங்கி நட்டவன், தாழ்ந்த விலைக்கு விளைவை விற்க நேர்ந்தது. தோட்டத்தில் அவன் உழைப்பு முன்போலவே இருந்தது. அதன் பயனை நிருணயித்ததோ துறைமுகத்தில் வந்திறங்கிய மூட்டை.