மன்னிப்பும் மீட்டளிப்பும்: கொம்பெசியோனாயரு முதல் நொய்யல் வரை

1580-இல் கொச்சியில் ஒரு சிறு தமிழ்நூல் அச்சானது. பெயர் ‘கொம்பெசியோனாயரு’. பாவசங்கீர்த்தனம் செய்ய வருபவருக்கும் அதைக் கேட்கும் குருவுக்கும் பயன்படும் கையேடு அது. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்று வரிசையாக அச்சுக்குக் கொண்டுவந்த இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளாரின் உழைப்பு இது. தமிழ் அச்சின் தொன்மையைப் பேசுகிறவர்கள் இந்நூலின் பெயரைச் சொல்லத் தவறுவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. இனெஸ் ஜுபானோவ் போன்ற வரலாற்றாசிரியர்கள்தான் அதைத் தமிழரின் மனசாட்சி பற்றிய ஆவணமாக வாசிக்கத் தொடங்கினார்கள்.

பாவத்தைக் கடவுள் மன்னிப்பது ஒன்று. அந்தப் பாவத்தால் பொருளையோ கூலியையோ இழந்தவருக்கு அதைத் திருப்பித் தருவது மற்றொன்று. இவ்விரண்டும் தமிழ்க் கிறித்தவ மரபில் எப்போது சேர்ந்து நின்றன, எப்போது விலகின என்பதே இக்கட்டுரை தேடும் பொருள். பனியன் தொழிலின் தலைநகரான திருப்பூரில் இந்தக் கேள்விக்குத் தனி அவசரம் உண்டு என்று நான் கருதுகிறேன்.

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களின் நடுப்பகுதியில் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-இல் அங்கு வந்த சவேரியார், மொழி தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கினார். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றோடு, நான் பாவி என்று அறிக்கையிடும் பொதுமன்றாட்டும் அவற்றில் இருந்தது. ஆனால் எல்லாரும் சேர்ந்து சொல்லும் மன்றாட்டு வேறு, ஒருவர் தம் குற்றத்தைத் தனியே அவிழ்த்துச் சொல்வது வேறு. பின்னதற்குக் குருவே தமிழில் கேட்டு, தமிழில் புரிந்துகொள்ள வேண்டும். 1547 முதல் அந்தக் கரையில் உழைத்த அண்டிரிக் அடிகளார் தமிழுக்கு இலக்கணமே எழுதும் அளவுக்கு மொழியைக் கற்றதற்கு இந்தத் தேவையும் ஒரு காரணம்.

கத்தோலிக்க மரபு நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்களைச் சொல்கிறது: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்லுதல், அபராதம் தீர்த்தல். ஞானோபதேச வகுப்பில் இதை மனப்பாடம் செய்யாத பழைய தலைமுறைக் கத்தோலிக்கர் இல்லை. ஆத்தும சோதனை பத்துக் கட்டளைகளின் வரிசையில் நடக்கும். அதில் ஏழாம் கட்டளைக்கு வரும்போது பேச்சு திடீரென்று வீட்டுக்கும் கடைக்கும் இறங்கிவிடும். பிறர் பொருளை எடுத்ததுண்டா, அளவில் ஏமாற்றியதுண்டா, வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் விட்டதுண்டா என்று கேட்கும். உண்டு என்றால் கண்ணீர் மட்டும் போதாது. எடுத்ததைத் திருப்பித் தரவோ, குறைந்தபட்சம் தருவதாக உறுதி கொள்ளவோ வேண்டும். முடிந்தும் மறுப்பவருக்குக் குரு பாவமன்னிப்பு வழங்கக் கூடாது. ஐந்தாம் நூற்றாண்டிலேயே அகுஸ்தினார் ஒரு கடிதத்தில் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டார். உரியவர் இறந்திருந்தால் வாரிசுக்கு, வாரிசும் தெரியாவிட்டால் ஏழைகளுக்கு என்று அறநூலார் படிப்படியாக வகுத்திருக்கிறார்கள். லூக்கா நற்செய்தியின் சக்கேயு இதற்கு மூலமாதிரி. இயேசு அவன் வீட்டில் தங்கிய அன்றே, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியது நாலத்தனையாகத் திரும்ப என்று அவனே கணக்குச் சொல்கிறான். மீட்பு இந்த வீட்டுக்கு வந்தது என்று இயேசு அறிவிப்பது அந்தக் கணக்குக்குப் பிறகுதான்.

கொங்கு நாட்டுக்கு இந்த மரபு மதுரை மிஷன் வழியாக வந்தது. தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் டி நொபிலி 1620-களில் திருச்சி, சேந்தமங்கலம், சேலம் வரை பயணம் செய்தார். அவிநாசிக்கும் கோவைக்கும் இடைப்பட்ட கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்தின் வேர் அதே நூற்றாண்டைச் சேர்ந்தது. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையார் பொறுப்பேற்றனர். 1846 அக்டோபரில் மரியோன் பிரெசியாக் ஆயராக அபிஷேகம் பெற்றது கருமத்தம்பட்டியில்தான். ஊர் ஊராகச் சுற்றி வரும் குருவுக்கு முன், உபதேசியார் மக்களை ஆயத்தப்படுத்தி வைப்பார். 1215-இன் லாத்தரன் சங்கம் விதித்தபடி ஆண்டுக்கொரு முறையாவது பாவசங்கீர்த்தனம் என்பது அந்தக் கிராமங்களில் நடந்த வழி இதுவே.

சீர்திருத்தச் சபைகளின் பாதை வேறு. 1706-இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு கொண்டுவந்தது லூத்தரின் படிப்பினை: மன்னிப்பு செயலால் ஈட்டுவதன்று, கிருபையால் கிடைப்பது. அங்கே குற்றத்தைக் கையாண்டது பெரும்பாலும் சபை. பகிரங்கமாகத் தவறியவர் திருவிருந்திலிருந்து நிறுத்தப்படுவார். சபை முன் அறிக்கையிட்டு மறுபடி சேர்த்துக்கொள்ளப்படுவார். 1830-இல் கோவையில் ஆடிஸ் தொடங்கிய லண்டன் மிஷன் பணி இந்த ஒழுங்கைக் கொங்குக்குக் கொண்டுவந்தது. பிற்பாடு ஈரோட்டில் பணியாற்றிய பாப்ளி, கர்நாடக இசையில் நன்கு பழகியவர். பிரசங்கத்தைக் கதையும் பாட்டுமாக ஊர்ச் சாவடிக்கு எடுத்துச் சென்றார்.

இலக்கியத்தில், கிருபையை நம்பும் இந்த மனத்தின் உச்சம் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’. 1858-இல் திருமுழுக்குப் பெற்ற நெல்லை வைணவர் அவர். ஜான் பனியனின் நூலைத் தழுவி 1894-இல் காப்பியமாக்கினார். அதன் நாயகன் ஆத்துமவிசாரியின் முதுகிலிருந்த பாவச்சுமை சிலுவையடியில் கழன்று விழுகிறது. தமிழில் கிருபையை இதைவிட நெகிழ்வாகப் பாடியவர் இல்லை என்பேன். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுமை விழும் இடத்தில் யாத்திரிகனும் கடவுளும் மட்டுமே நிற்கிறார்கள். அவனால் நட்டப்பட்ட அண்டைவீட்டார் காட்சியில் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் எழுப்புதல் கூட்டங்களும் பெந்தெகொஸ்தே சபைகளும் இந்தத் தனிமனித அனுபவத்தைச் சாட்சியாக வளர்த்தன. தெற்கு மாவட்டங்களிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் இந்த மரபையும் உடன் கொண்டுவந்தார்கள். சனிக்கிழமை சம்பளம், அன்றிரவே டாஸ்மாக், திங்கள்கிழமை கடன் என்று சுழன்ற ஒருவர், இயேசு என்னை விடுவித்தார் என்று மைக் பிடித்துச் சொல்லும்போது, முன்வரிசையில் இருக்கும் மனைவிக்கு அது இறையியல் அல்ல. அந்த வாரம் அரிசி வந்ததா என்ற விஷயம். அப்படிப்பட்ட சாட்சியில் மீட்டளிப்பு சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. குடித்தவரின் பாவத்துக்கு மனந்திரும்புதல் என்ற மொழி இவ்வளவு கூர்மையாக இருக்கிறது. உருப்படிக்கு இவ்வளவு என்று தரும் பீஸ் ரேட் கூலியில் வெட்டியவருக்கு அதே கூர்மை வாய்க்கவில்லை.

பேட்லாக் தையல் மெஷினில் உட்காரும் பெண் தைத்த உருப்படிகளைத் தன் சிறு நோட்டில் குறித்து வைப்பார். காண்ட்ராக்டரின் நோட்டில் வேறு எண் இருக்கும். வித்தியாசம் சில ரூபாய்தான். வாராவாரம் அது சேர்கிறது. நூற்பாலைகளில் நிலைமை இன்னும் கடுமை. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்று ஆண்டு முடிவில் மொத்தத் தொகை என்று ஒப்பந்தம் செய்ததையும், இடையில் நோயுற்று வெளியேறினால் அந்தத் தொகை கைக்கு வராமல் போனதையும் நெதர்லாந்து ஆய்வமைப்புகளின் 2011 அறிக்கை பதிவு செய்தது. நிறுத்திவைத்த கூலி வானத்தை நோக்கிக் கூப்பிடுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியது இதைத்தான்.

ஒருவர் கையில் அடங்காத இத்தகைய குற்றத்தை எப்படி அறிக்கையிடுவது? இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1973-இல் வெளிவந்த ஒப்புரவுச் சடங்குமுறை, பலர் கூடி ஆத்தும சோதனை செய்து பின் தனித்தனியே அறிக்கையிடும் வழியை ஏற்படுத்தியது. தவக்காலத்தில் தமிழகப் பங்குகளில் இன்று அது வழக்கம். 1984-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சமூகப் பாவத்தைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு சமூகப் பாவமும் தனிமனிதர் செயல்களின் திரட்சியே, ஆதலால் அமைப்பின்மேல் பழிபோட்டு எவரும் தப்ப முடியாது என்பது அவர் வாதம். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஆறும் மண்ணும் சார்ந்த மனமாற்றத்தையும் சேர்த்தார்.

திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் இக்கேள்வி மிகவும் கனக்கிறது. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்கென்று கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அதில் தேங்கியது சாயக்கழிவு. எந்த விவசாயிக்காகக் கட்டினார்களோ அவரே தண்ணீர் வேண்டாம் என்றார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கு முன்பே, கெட்டுப்போன நிலங்களுக்கு இழப்பீடு கணக்கிடும் பணி சட்டத்தின் வழியே தொடங்கியிருந்தது. யாருக்கு இழப்பு, எவ்வளவு, யார் கொடுப்பது என்று நீதிமன்றம் கேட்டவை ஏழாம் கட்டளையின் கீழ் பழைய குரு கேட்டிருக்கக்கூடிய கேள்விகளே. நீதிமன்றம் கேட்காததும் உண்டு: பட்டறை முதலாளி, அதில் வேலை செய்தவர், அந்தச் சட்டையை மலிவாக வாங்கிய தூரதேசத்துக் கடைக்காரர் ஆகியோரில் மனஸ்தாபப்பட வேண்டியவர் யார், எந்த அளவுக்கு? திருப்பூரின் தவக்கால ஆத்தும சோதனைத் தாள்களில் பீஸ் ரேட்டும் சாயத் தண்ணீரும் கேள்விகளாக இடம்பெற வேண்டும். அவற்றை எழுதும்போது குருக்களும் போதகர்களும் பேட்லாக் பெண்ணையும் ஒரத்துப்பாளையத்து விவசாயியையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுத வேண்டும்.