வரட்சியும் கொள்ளைநோயும்: 1934–35 மலேரியா அனர்த்தம் பற்றியதொரு நோக்கு

காலநிலை மாற்றம் நுளம்பினாற் பரவும் நோய்களைப் பெருக்கும் என்பது இன்று பலரும் எடுத்துரைக்கும் கருத்தாகும். மழை மிகுந்தால் நுளம்பு மிகும், அதனால் நோயும் மிகும் என்பதே பொதுவான எண்ணம். ஆயின் இலங்கை வரலாறு கண்ட மிகப் பெரிய மலேரியாக் கொள்ளைநோய் மழை பொய்த்த ஆண்டிலேயே தோன்றியது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

நாட்டின் உலர் வலயத்தில் மலேரியா நெடுங்காலமாக நிலைகொண்டிருந்தது. அங்கு மீண்டும் மீண்டும் நோயுற்று உயிர்தப்பியோர் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். தென்மேற்கு ஈர வலயத்தின் நிலை வேறு. நோயைப் பரப்பும் அனோபிலிசு கியூலிசிபேசிசு என்னும் நுளம்பு, வெயில் படும் தெளிந்த தேங்குநீரிற் பெருகுவது. ஈர வலயத்து ஆறுகளின் வேகமான நீரோட்டம் அதன் குடம்பிகளை அடித்துச் சென்றது. அவ்வோட்டமே ஆற்றங்கரை மக்களுக்கு அரணாக இருந்தது. நோயை அதிகம் அறியாத காரணத்தால் அவர்களிடம் எதிர்ப்பாற்றல் குறைவாகவே காணப்பட்டது.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியன வற்றி, அவற்றின் படுக்கைகளில் எண்ணற்ற குட்டைகள் எஞ்சின. நுளம்புகள் அவற்றிற் பெருகின. அவ்வாண்டின் இறுதி மாதங்களிற் பரவிய காய்ச்சல் கேகாலை, குருநாகல் மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் 15 இலட்சம் பேர் வரை நோயுற்றனர். 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

இத்துணை உயிரிழப்புக்கு வரட்சியினால் நுளம்பு பெருகியமை மட்டும் காரணமன்று. அதே வரட்சி பயிரையும் அழித்தது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தினால் இறப்பரும் தெங்கும் விலை வீழ்ந்து, கூலி வருவாயும் குன்றியிருந்தது. பட்டினியால் மெலிந்த உடல்களையே காய்ச்சல் பற்றியது. குழந்தைகள் பெருந்தொகையாக இறந்தனர். நிவாரணப் பணியில் ஈடுபட்ட வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலான சூரியமல் இயக்கத்தினர், குயினைனோடு உணவும் வேண்டும் என்பதைக் கிராமங்களிற் கண்டறிந்தனர். அவர்களுட் பலர் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர். இவ்வாறு ஒரு பருவமழையின் தவறு நாட்டின் அரசியலிலும் தன் சுவட்டைப் பதித்தது.

1946இல் டி.டி.ரி. தெளிப்பு நாடளாவத் தொடங்கியபின் நோய் விரைவாகக் குறைந்து, 1963இல் 17 பேரிடம் மட்டுமே காணப்பட்டது. வெற்றி கிட்டியதென்று தெளிப்பு கைவிடப்பட, கண்காணிப்பும் தளர்ந்தது. 1968–69 காலத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நீண்ட முயற்சியின் பின்னர், 2012க்குப் பிறகு உள்ளூர்த் தொற்று நிகழாத நிலையில், 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

எனினும் அவ்வாண்டின் இறுதியிலேயே, கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகவல்ல அனோபிலிசு தெபன்சி என்னும் நுளம்பு மன்னாரிற் கண்டறியப்பட்டது. 2017இல் 1,86,000 பேர் வரை டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். மழைவீழ்ச்சியின் ஒழுங்கு குலைந்துவரும் இக்காலத்தில், வெள்ளத்தைப் போலவே வரட்சியையும் நோயின் முன்னறிகுறியாகக் கொள்ளல் வேண்டும். மழைப்பதிவு, நுளம்புக் கண்காணிப்பு, மக்களின் உணவு நிலை ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கத் தவறியதன் விலையை 1935ஆம் ஆண்டின் கேகாலைக் கிராமங்கள் செலுத்தின.