இழையப் பொருத்தம் கண்ட வரலாறு

ஒருவரின் உறுப்பை மற்றொருவருக்குப் பொருத்துதல் சத்திரவைத்தியரின் கைத்திறனால் மட்டும் கைகூடுவதன்று. 1954 இல் பொசுத்தன் நகரிலே யோசேப்பு மறே பொருத்திய சிறுநீரகம் நிலைத்தமைக்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒருகரு இரட்டையராயிருந்தமையே. பிறர் தோலை உடல் எதிர்த்து விலக்குமென்பதைப் பீற்றர் மெடவார் 1944 இலேயே முயல்களிற் காட்டியிருந்தார். அங்ஙனமாயின், இரட்டையரல்லாதார்க்கு வழி யாது?

விடை குருதியிற் கிடைத்தது. 1958 இல் பிரெஞ்சு அறிஞர் சான் தோசே, ஆளுக்காள் வேறுபடும் அடையாளமொன்றை வெண்குருதிக் கலங்களிற் கண்டார். இத்தகைய அடையாளங்களை எளிதில் அறியும் முறையை 1964 இல் வகுத்தவர் போல் தெரசாக்கி. பிறபொருளெதிரி கொண்ட தெளியத்தில் ஒரு மில்லிலீற்றரின் ஆயிரத்திலொரு பங்கே அவர் சோதனைக்குப் போதும். உரிய துணைப்பொருளும் சேர, அடையாளமுள்ள கலம் மடியும். அஃதில்லாத கலம் பிழைக்கும். கிடைத்தற்கரிய தெளியம் இதனாற் பல ஆய்வுகூடங்களுக்குப் பயன்பட்டது.

தெரசாக்கி 1929 இல் அமெரிக்காவிற் பிறந்த யப்பானிய வழியினர். இரண்டாம் உலகப்போரில் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டவர். சொந்த நாட்டிலேயே அயலாரென ஒதுக்கப்பட்டவர், அயலார் உறுப்பை உடல் ஏற்பதற்குத் துணைநின்றார்.

மானிப்பாயிலே கிறீன் வைத்தியர் 19 ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அவ்வழி வந்த நம் மாணவர் இத்துறையையும் தமிழில் எழுதுதல் கடனாம்.