கடைத்தெருவில் தனியாக நின்ற பிரிட்டன்



பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதைப் பற்றி எழுதச் சொல்லி உங்களில் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பு, 52-க்கு 48 என்று முடிவு, 2020 ஜனவரி 31-இல் வெளியேற்றம். இதெல்லாம் பேப்பரில் படித்ததுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாட்டு வாசலாகப் போய் வியாபாரம் பேசினார்களே, அந்தக் கதைதான் ஒரு வரலாற்று வாத்தியாருக்குச் சுவையானது. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்றியத்தில் இருக்கும் நாடு வெளிநாடுகளோடு தனியாக வர்த்தக ஒப்பந்தம் போட முடியாது. எல்லாருக்கும் சேர்த்து பிரசெல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையம்தான் பேசும். கூட்டுக் குடும்பத்தில் பெரியவர் ஒருவரே சந்தைக்குப் போய் வருவது மாதிரி. பிரிட்டன் 1973-இல் உள்ளே போனது. ஆக நாற்பது வருடத்துக்கு மேல் லண்டனில் இந்த வேலையே நடக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியை நடத்திய ஊரில், சுங்கவரிப் பட்டியலை முன்னால் வைத்துப் பேரம் பேசத் தெரிந்த அதிகாரிகள் மிகச் சிலரே இருந்தார்கள்! 2016 ஜூலையில் தெரசா மே இதற்கென்று ஓர் அமைச்சகத்தையே புதிதாகத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தலைமைப் பேச்சுவார்த்தை ஆலோசகராகக் கொண்டுவரப்பட்டவர் கிராஃபோர்ட் ஃபால்கனர். அவர் நியூசிலாந்துக்காரர்.

நியூசிலாந்துக்காரர் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1950-களில் நியூசிலாந்து தன் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பிரிட்டனுக்கே அனுப்பியது. வெண்ணெய், ஆட்டிறைச்சி, கம்பளி. பிரிட்டன் ஐரோப்பாவோடு சேரப்போகிறது என்றதும் அந்த நாடு ஆடிப்போனது. அமைச்சர் ஜான் மார்ஷல் அலையாய் அலைந்து, வெண்ணெய்க்கும் சீஸுக்கும் ஐந்து ஆண்டுகளுக்கு, அதுவும் வருடா வருடம் குறைந்துகொண்டே போகும் அளவுக்கு, இடம் வாங்கினார். பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுத் தாய் வீட்டுக் கதவு சாத்திய கதை. ஆனால் வெளியே நின்ற பிள்ளை தானாகப் பிழைக்கப் பழகியது. 1983-இல் ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தம். 2008-இல் சீனாவோடு ஒப்பந்தம், வளர்ந்த நாடுகளில் அதைச் செய்த முதல் நாடு அதுதான். அந்த மண்ணில் பேரம் பழகியவரைத்தான் பிறகு லண்டன் கூப்பிட்டுக்கொண்டது.

சரி, லண்டன் என்ன செய்தது? முதல் வேலை புதுசாக வாங்குவது இல்லை, இருந்ததைக் காப்பாற்றுவது. ஒன்றியம் போட்டிருந்த பழைய ஒப்பந்தங்களைப் பெயர் மாற்றி எழுதி, 2020 முடிவதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளோடு கையெழுத்து வாங்கினார்கள். மிகப் பெரிய வாடிக்கையாளரான ஒன்றியத்தோடு அந்த ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தின நாள்தான் உடன்பாடு வந்தது. ஒன்றியத்தோடு ஒப்பந்தம் போடுவது மனித வரலாற்றிலேயே எளிதான ஒன்றாக இருக்க வேண்டும் என்ற பொருளில் 2017-இல் சொன்னவர் வர்த்தக அமைச்சர் லியாம் ஃபாக்ஸ். கடைசி நாட்களில் இழுத்தடித்தது எது தெரியுமா? மீன்!

புதிதாகப் பேசி முடித்த முதல் பெரிய ஒப்பந்தம் ஆஸ்திரேலியாவோடு, 2021 டிசம்பரில். ஆஸ்திரேலிய மாட்டிறைச்சி முதல் ஆண்டிலேயே 35,000 டன் வரை வரியில்லாமல் வரலாம், பத்தாம் ஆண்டில் 1,10,000 டன். இதனால் 2035-க்குள் பிரிட்டனின் மொத்த உற்பத்தி 0.08 சதவீதம் கூடும் என்று அரசே கணக்குச் சொன்னது. பேச்சு நடந்தபோது வேளாண்மையைக் கவனித்த அமைச்சர் ஜார்ஜ் யூஸ்டிஸ், பதவி போன பிறகு 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் உடைத்துப் பேசினார். இது நல்ல ஒப்பந்தமே இல்லை, கொடுத்தது அதிகம், வாங்கியது குறைவு என்றார். ஜி-7 மாநாட்டுக்குள் முடித்தாக வேண்டும் என்று நமக்கு நாமே கெடு வைத்துக்கொண்டதுதான் தவறு என்றார். மாட்டுத் தாவணிக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொழுது சாய்வதற்குள் விற்றாக வேண்டியவன் முகத்தைப் பார்த்தே விலையைக் குறைப்பார்கள்.

நம்மோடும் அப்படித்தான் ஒரு கெடு வைத்தார்கள். 2022 ஜனவரியில் டெல்லியில் பேச்சு தொடங்கியது. தீபாவளிக்குள் முடிப்போம் என்றார் போரிஸ் ஜான்சன். தீபாவளிக்கு முன்பே அவர் பதவி போய், அடுத்து வந்த லிஸ் டிரஸ்ஸும் ராஜினாமாவை அறிவித்துவிட்டார். பிறகு சுனக், பிறகு ஸ்டார்மர். நான்கு பிரதமர்கள் மாறி, 2025 ஜூலை 24-இல் செக்கர்ஸ் மாளிகையில் கையெழுத்தானது. டெல்லி அவசரப்படவில்லை. ஸ்காட்ச் விஸ்கிக்கு நாம் போட்ட 150 சதவீத வரி முதலில் 75 ஆகும், பத்து ஆண்டில் 40 ஆகும். (வாத்தியார் விஸ்கி பற்றி எழுதுகிறாரே என்று சிரிக்காதீர்கள், பிரிட்டனுக்கு அது பெரிய ஏற்றுமதி.)

பதிலுக்கு நமக்குக் கிடைத்ததில் நான் முக்கியமாக நினைப்பது துணி. பிரிட்டன் நம் ஆயத்த ஆடைக்கு 12 சதவீதம் வரை வரி போட்டுவந்தது. வங்கதேசத்துச் சட்டைக்கோ, மிகப் பின்தங்கிய நாடு என்ற சலுகையில், வரியே கிடையாது. ஒரு டி-ஷர்ட்டில் சில ரூபாய் லாபத்துக்கு ஆர்டர் பிடிக்கும் திருப்பூருக்கு அந்த வித்தியாசம் சாதாரணமில்லை. என் வகுப்பில் பாதியில் நின்ற பிள்ளைகள் பலர் அங்கே பனியன் கம்பெனிகளில் கட்டிங்கிலும் செக்கிங்கிலும் நிற்கிறார்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் சுருங்குவது அவர்கள் வாரச் சம்பளம்தான். புதிய ஒப்பந்தத்தில் ஆடைக்கான அந்த வரி பூஜ்யம். ஆனால் வங்கதேசத்துக்குச் சமமாக நிற்கலாம் என்பதற்கு மேல் அது உத்தரவாதம் எதுவும் தராது. கூலி, மின்சாரம், நூல் விலை எல்லாம் வேறு கணக்கு.

பிரிட்டனும் எல்லா இடத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஹார்மோன் ஊசி போட்ட மாட்டிறைச்சியை ஏற்கச் சொல்லிக் கனடா வற்புறுத்தியபோது மறுத்தது. சலுகைக் காலம் 2023-ஓடு முடிந்ததால் பிரிட்டிஷ் சீஸுக்குக் கனடாவில் வரி 245 சதவீதம் வரை ஏறியது. 2024 ஜனவரியில் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்கள். பேரத்தில் எழுந்து போகத் தெரிவதும் ஒரு பாடம், அதைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு நான்கு வருடம் ஆனது.

திருப்பூரில் ஏற்றுமதி பார்க்கும் பிள்ளைகள், லண்டனில் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், நீங்கள் நேரில் பார்ப்பதைக் கீழே எழுதுங்கள். பேரப்பிள்ளை போனைக் கேட்கிறான், கொடுத்துவிட்டு ராத்திரி வந்து படிக்கிறேன்.