நான்கு ஸ்பீக்கர் பெட்டி பிறந்த வரலாறு

மேடையில் மின் கித்தார் வாசிப்போருக்குப் பின்னே சுவர்போல் அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகளைக் காண்போர், அஃது ஆடம்பரத்தால் எழுந்தது என்றே எண்ணுவர். உண்மையில் அது வெப்பத்துக்கு அஞ்சி எழுந்ததாகும்.

ஆம்பிளிபயர் அனுப்பும் மின்னாற்றலில் நூற்றுக்குச் சில பங்கே ஒலியாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி ஸ்பீக்கரின் நடுவிலுள்ள மெல்லிய கம்பிச்சுருளைச் சுடவைக்கிறது. அது தாங்கும் எல்லையையே ஸ்பீக்கருக்கு இத்தனை வாட்டு எனக் குறிப்பர். எல்லை மீறினால் பசை இளகும், கம்பி கருகும், ஸ்பீக்கர் ஊமையாகிவிடும்.

1960 அளவில் இங்கிலாந்தில் பெயர்பெற்றிருந்த வாக்ஸ் ஏசி 30 என்னும் ஆம்பிளிபயரின் ஆற்றல் 30 வாட்டு. அதனுள் இருந்தவை 15 வாட்டு தாங்கும் செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் இரண்டு. ஏட்டுக் கணக்கு சரியே. ஆனால் அந்த 30 வாட்டு, ஒலி சிதையாதபோது அளந்தது. இளைஞர்களோ திருகு முழுவதையும் திருப்பி, ஒலி கரகரக்க வாசிக்கலாயினர். அப்போது மின்னலையின் முகடு தட்டையாகி, அதே கருவி ஒன்றரை மடங்கும், கொள்கையளவில் இரு மடங்கு வரையும் ஆற்றலைத் தள்ளும். முப்பதுக்கு முப்பது அங்கே எப்படிப் போதும்?

மேற்கு லண்டனின் ஹான்வெல்லில் 1960இல் இசைக்கருவிக் கடை திறந்த ஜிம் மார்ஷல், டிரம் வாசிப்பவர். அதனைக் கற்பித்த ஆசிரியருங்கூட. கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரின் உழைப்பால், அமெரிக்கப் பெண்டர் பேஸ்மேனை ஒட்டிய ஆம்பிளிபயர் ஒன்று 1962இல் அவர் கடையில் உருவாயிற்று. இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள் அதைத் தாங்காமையால், ஒரே பெட்டியில் நான்கு வைக்கப்பட்டன. நாற்பதினைந்து அறுபது, மூச்சுவிட இடம் கிடைத்தது.

இங்கே ஆசிரியர்கள் மாணவர்க்குக் காட்டத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. ஓம் அளவு ஒத்த ஸ்பீக்கர்கள் ஆற்றலைச் சமமாகவே பங்கிடும். 30 வாட்டு ஸ்பீக்கர் ஒன்றையும் 100 வாட்டு ஸ்பீக்கர் ஒன்றையும் இணைத்தால் பெட்டி தாங்குவது 130 அன்று, 60 தான். எளியதன் வலிமையே இரண்டுக்கும் எல்லை.

1965இல் ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்செண்ட் 100 வாட்டு வேண்டுமென்றார். அக்காலத்து 20 வாட்டு ஸ்பீக்கர் நான்கு 80 வாட்டையே தாங்கும். ஆகவே எட்டு ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அமைந்தன; சுமந்தவர்கள் பாடு சொல்லத் தரமன்று. பெட்டி இரண்டாக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றப்பட்டது. மேடைச் சுவரின் முதல் அடுக்கு இதுவே.

1980களில் ஒவ்வொன்றும் 75 வாட்டு தாங்கும் ஸ்பீக்கர்கள் வந்தன. 100 வாட்டு ஆம்பிளிபயருக்கு ஒரு பெட்டியே தாராளம். ஆயினும் பச்சை மூடியிட்ட 25 வாட்டு ஸ்பீக்கர் இன்றும் விற்பனையாகிறது. எல்லையை நெருங்கும்போது அதன் காகிதக் கூம்பு தரும் இளகிய கரகரப்பையே வாசிப்போர் பலர் விரும்புகின்றனர்.