குற்றவியல் படிப்பும் ஒரு பத்து ரூபாயும்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், என் பொண்ணு பிளஸ் டூ முடிச்சுட்டு பி.ஏ. குற்றவியல்தான் படிப்பேன்னு அடம் பிடிக்கிறா. பாடப் பட்டியலைப் பார்த்தேன். சட்டம் இருக்கு, சரி. சமூகவியல், உளவியல், புள்ளியியல், ஆராய்ச்சி முறைன்னு என்னென்னமோ இருக்கு. திருடனைப் பிடிக்க இதெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்றாள்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள். சட்டம் படித்ததில்லை. வரலாறு வாசிக்கும் பழக்கம் மட்டும் உண்டு. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் சட்டப் பாடம். அதன் கதை நம் ஊரோடு சேர்ந்தது. அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்தில் வரி வசூலித்த அதிகாரிகளே போலீஸ் வேலையும் பார்த்தார்கள். வரிக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் மக்களை வதைக்கிறார்கள் என்ற புகார் லண்டன் பாராளுமன்றம் வரை போனது. 1854-ல் விசாரணைக் குழு அமைத்தார்கள். 1855-ல் அறிக்கை வந்தது. சித்திரவதை நடப்பது உண்மை என்றது அந்த அறிக்கை. விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் சேர்த்துக் குனிந்தபடி கட்டிப்போடும் அண்ணாந்தாள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன.

1859-ல் வந்த சட்டம் வரி வேலையையும் போலீஸ் வேலையையும் பிரித்தது. 1872 இந்திய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2023-ல் இயற்றிய புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது.

அடித்துக் கேட்கக் கூடாது என்றால் உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குப் படிப்பு வேண்டும் என்று சொன்னவர் ஆகஸ்ட் வோல்மர். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் தபால்காரராக இருந்தவர். 1905-ல் அந்த ஊர்க் காவல் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கல்லூரியில் படிக்காத மனிதர். 1908-லேயே தம் போலீஸ்காரர்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். 1916-ல் ஒரு சட்டப் பேராசிரியரோடு சேர்ந்து கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கோடைக்கால வகுப்புகளை ஏற்படுத்தினார். அடித்து வாக்குமூலம் வாங்குவதை எதிர்த்தார். தடயம், கைரேகை, மனித மனம் பற்றிய அறிவு ஆகியவற்றை நம்பினார். பிற்காலத்தில் அவரே பேராசிரியரும் ஆனார். இன்றைய குற்றவியல் பட்டப்படிப்புகளுக்கு அவர் போட்ட விதை பெரியது.

புள்ளியியல் எதற்கு? பிரான்ஸ் நாடு 1827 முதல் குற்றக் கணக்குகளை ஆண்டுதோறும் அச்சிட ஆரம்பித்தது. படிப்பறிவில்லாத ஊரில்தான் குற்றம் அதிகம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கெரி என்பவர் அந்தக் கணக்குகளை மாவட்டவாரியாக வரைபடத்தில் போட்டு 1833-ல் வெளியிட்டார். படிப்பு மிகக் குறைவான மாவட்டங்களில் அடிதடி, கொலை போன்ற குற்றங்கள் அதிகமாக இல்லை! வாத்தியார்களான எங்களுக்கே கொஞ்சம் சங்கடமான கண்டுபிடிப்புதான். ஊரே சொல்கிறது என்பதற்காக எதையும் நம்பிவிடாதே, எண்ணிப் பார் என்பதைத்தான் அந்தத் தாள் கற்றுக்கொடுக்கிறது.

சமூகவியலும் உளவியலும் அப்படித்தான். ஒருவன் ஏன் அந்த இடத்துக்கு வந்தான், பயந்தவன் ஏன் பொய்யாக ஒப்புக்கொள்கிறான் என்று யோசிக்கச் சொல்பவை.

பெற்றோருக்கு ஒரு விஷயம். இந்தப் படிப்பு முடித்தால் நேராக போலீஸ் வேலை என்று நினைக்காதீர்கள். எஸ்.ஐ. தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். தேர்விலும் உடல் தகுதியிலும் தேற வேண்டும். சிறை நிர்வாகம், சிறார் நலம், பாதிக்கப்பட்டோருக்கான உதவி, ஆராய்ச்சி என்று வேறு வழிகளும் உண்டு. சேரும் முன் கல்லூரியின் அங்கீகாரத்தையும், களப்பயிற்சி இருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1987-ல் நடந்தது நினைவுக்கு வந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை சுற்றுலாவுக்குக் கொண்டுவந்த பத்து ரூபாயைக் காணோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் மேல் எல்லோரும் கை காட்டினார்கள். ஏழை வீட்டுப் பையன். நானும் அவன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். பிரம்பை எடுத்தேன். நாலாவது அடியில் "ஆமா டீச்சர், நான்தான் எடுத்தேன்" என்றான். மறுநாள் அவன் அம்மா யாரிடமோ கடன் வாங்கிப் பத்து ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து, அந்தப் பிள்ளையின் நோட்டுக்குப் போட்டிருந்த பழுப்பு அட்டைக்குள் பணம் இருந்தது.

அம்மாவிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் வகுப்பு முன்னால் அவனைத் திருடன் ஆக்கிய நான், வகுப்பு முன்னால் "நான் செய்தது தப்பு" என்று சொல்லவில்லை. டீச்சர் என்ற கௌரவம் தடுத்தது.

அந்த வகுப்பில் இருந்த பலர் இதைப் படிப்பீர்கள். அவனும் படிப்பான் என்று நம்புகிறேன். பெயர் சொல்லவில்லை, உனக்குத் தெரியும். நீ எடுக்கவில்லை அப்பா. தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு.

என் மாணவிக்குச் சொன்ன பதில் இதுதான்: உன் பொண்ணைச் சேர்த்துவிடு. அந்தப் பட்டியலில் உள்ள எந்தத் தாளையும் அவள் அலட்சியப்படுத்தாமல் பார்த்துக்கொள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்