வழியை இலவசமாகச் சொன்னவர்கள்

நம் தெருக்களில் இப்போது ஹேண்டில்பாரில் செல்போன் பூட்டாத மோட்டார் சைக்கிளைப் பார்ப்பது அபூர்வம். சாப்பாடு கொண்டுவரும் பையன் முதல் கூரியர்காரர் வரை எல்லோருக்கும் அதுதான் வழிகாட்டி. வழி காட்டுவதற்கென்றே தனிக் கருவி ஒன்று விற்றது, அதை நல்ல விலை கொடுத்து வாங்கினார்கள் என்றால் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை.

அந்தக் கருவி தரத்தில் தோற்கவில்லை, விலையில்தான் தோற்றது. வழியை இலவசமாகச் சொல்ல வருகிறவர் வேறு எதையோ விற்கிறார் என்பது நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய பாடம்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு ‘மிஷ்லேன்’ என்றால் (இங்கே மிச்செலின் என்பார்கள்) டயரோடு சாலை வரைபடமும் நினைவுக்கு வரும். 1900-இல் பிரான்சில் மோட்டார் வண்டிகள் சில ஆயிரம்தான். அந்த ஆண்டிலேயே இந்த டயர் கம்பெனி 35,000 பிரதிகள் அச்சடித்து ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தது. டயரை மாற்றுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், எந்த ஊரில் தங்கலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. 1910 முதல் ஒரு சென்டிமீட்டருக்கு 2 கிலோமீட்டர் என்ற கணக்கில் சாலை வரைபடங்களும் வந்தன. இதெல்லாம் தருமம் இல்லை. ஜனங்கள் ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்! அந்தக் கையேட்டுக்கு விலை வைத்தது 1920-இல்தான்.

அடுத்த இலவசம் வானத்திலிருந்து வந்தது. ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் ஏற்பாடு. முதல் செயற்கைக்கோள் போனது 1978-இல். 1983 செப்டம்பரில் வழி தவறி சோவியத் எல்லைக்குள் போன கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டார்கள். அதன்பின் ஜனாதிபதி ரீகன், இந்த ஏற்பாடு பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று அறிவித்தார். ஆனாலும் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். 100 மீட்டர் வரை தவறிக் காட்டினால் எந்தச் சந்தில் திரும்புவது? 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளிண்டன் அரசு அந்தக் கலப்படத்தை நிறுத்தியது.

அதற்குப் பிறகுதான் அமெரிக்காவின் கார்மின், நெதர்லாந்தின் டாம்டாம் போன்ற கம்பெனிகளின் பெட்டிகளுக்கு யோகம் அடித்தது. முதலில் கார்களுக்கு வந்தன. பிறகு மோட்டார் சைக்கிளுக்கென்றே டாம்டாம் ‘ரைடர்’, கார்மின் ‘ஜூமோ’ வந்தன. மழையில் நனையலாம், கையுறையோடு தொடலாம், வண்டி அதிர்ந்தாலும் தாங்கும். திரும்பும் இடத்தை ஹெல்மெட்டுக்குள் காதோடு சொல்லும். வரைபடம் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் டவர் கிடைக்காத காட்டிலும் மலையிலும் வேலை செய்யும். குறை ஒன்றுதான்: பெட்டிக்கும் பணம், பல பெட்டிகளில் புது வரைபடத்துக்கும் பணம்.

2009 அக்டோபர் 28 அன்று கூகுள், ஒவ்வொரு திருப்பத்தையும் குரலில் சொல்லும் வசதியை ஆண்ட்ராய்டு போனில் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. கார்மின், டாம்டாம் இரண்டின் பங்கு விலையும் அன்றே சரிந்தன. சும்மா கொடுப்பவனுக்கு எதிராக யார் கடை வைக்க முடியும்? மிஷ்லேனுக்கு டயர் எப்படியோ கூகுளுக்கு விளம்பரம் அப்படி.

2017 டிசம்பரில் டூ-வீலருக்கென்று தனி வழி காட்டும் வசதியைக் கூகுள் முதன்முதலில் நம் நாட்டில்தான் கொடுத்தது. கார் நுழையாத சந்தும் அதில் வழியாயிற்று. அடுத்த ஆண்டே தமிழிலும் வழி சொல்ல ஆரம்பித்தது.

ஆனால் மோட்டார் சைக்கிளுக்கென்று செய்த பொருள் அல்ல செல்போன். பெரிய எஞ்சின்களின் அதிர்வு போனின் கேமராவுக்குள் உள்ள நுண்ணிய அசையும் பாகங்களைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. நம் சித்திரை வெயிலில் போன் சூடேறித் திரை மங்கும். மழைத்துளி பட்டால் விரல் பட்டதாக நினைத்துக்கொள்ளும். அதனால்தான் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்காக அந்தத் தனிப் பெட்டிகள் இன்னும் விற்கின்றன.

அரசாணைகளைப் படித்தே காலம் கழித்தவன் என்பதால் ஒரு விதியையும் சொல்லிவிடுகிறேன். 2020 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, வண்டி ஓட்டும்போது கைபேசியை வழி பார்ப்பதற்கு மட்டுமே பயன்படுத்தலாம். அதுவும் ஓட்டுகிறவரின் கவனம் சிதறாதபடி. ஆகவே வீட்டுப் பிள்ளைகளிடம், கிளம்புமுன்பே வழியைப் போட்டு வைக்கவும், வரைபடத்தைப் போனில் இறக்கி வைக்கவும், சந்தேகம் வந்தால் ஓரமாக நிறுத்திப் பார்க்கவும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். மிஷ்லேனின் கையேட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவர் எந்த ஊரில் இறங்கினார், எந்த ஓட்டலில் தங்கினார் என்பது அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. போன் விஷயம் அப்படியல்ல. நமக்கு வழி சொல்லும்போதே நாம் போகும் இடத்தையும் அது தெரிந்துகொள்கிறது. அதைக் குறித்து வைக்காமல் நிறுத்தும் வசதி போனின் அமைப்புகளிலேயே இருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவர் போனுக்குச் சொந்தக்காரர்தான்.